ஒன்பதாவது ஓவர்

லீவு ஃபாரத்தை நிரப்பிக் கொடுத்தது நான்தான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சவூதியில் ஜுபைல் நகரத்தில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலைக்குப் பராமரிப்பு வேலை செய்யும் காண்ட்ராக்ட் கம்பெனியில் நான் டைம்கீப்பர். யார் எத்தனை மணி நேரம் டியூட்டி பார்த்தார்கள், யாருக்கு எப்போது லீவு என்பதையெல்லாம் எழுதி வைப்பது என் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள் நான். பி.காம். வரை வந்துவிட்டேன். நாங்கள் தங்கியிருந்த கேம்ப்பில் அதற்கு ஒரு மரியாதை இருந்தது. ஆங்கிலத்தில் எதை எழுத வேண்டுமானாலும் "தம்பியைக் கூப்பிடு" என்பார்கள். லீவு ஃபாரத்தில் காரணம் என்ற கட்டத்தில் எதைப் போட்டால் மேனேஜர் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடுவார் என்று எனக்கு அத்துப்படி.

ஆனால் நான் எழுதியதிலேயே எனக்குப் பிடித்தது டைம்ஷீட் அல்ல, ஸ்கோர் புத்தகம். வெள்ளிக்கிழமை காலையில் கேம்ப் மதிலுக்கு வெளியே உள்ள மணல் திடலில் எங்கள் அணி கிரிக்கெட் ஆடும். டேப் சுற்றிய டென்னிஸ் பந்து. பிட்சுக்கு யாரோ ஆபீசில் இருந்து கழற்றிப் போட்ட பழைய கார்பெட். ஸ்டம்பு எங்கள் வெல்டர் ஒருவர் மிச்சக் குழாயில் பற்றவைத்தது, விழவே விழாது, பந்து பட்டால் டங்கென்று சத்தம் வரும், அதுதான் அவுட். எட்டு கேம்ப்கள் சேர்ந்து லீக் நடத்தினோம். அரையிறுதி ஒரு மேட்ச். இறுதி, அடுத்தடுத்த மூன்று வெள்ளிக்கிழமைகளில் மூன்று மேட்ச், இரண்டு ஜெயித்தவருக்குக் கோப்பை.

எனக்கு ஆடத் தெரியாது. பந்து என் பக்கம் வந்தால் விலகிக்கொள்வேன். ஆனால் அந்த அணியின் மேல் எனக்கு இருந்த வெறி ஆடுகிறவர்களுக்கே இருந்ததா என்று சந்தேகம். மேட்ச் நாளில் ஒரே சட்டைதான் போடுவேன். ஸ்கோரர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு காலி தண்ணீர் கேனைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்வேன். மேட்ச் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தால் எழுந்திருக்கவே மாட்டேன். நான் எழுந்தால் எங்களுக்கு ஏதாவது கெட்டது நடக்கும் என்று நிஜமாகவே நம்பினேன். படித்த பையன் இப்படி நம்புகிறானே என்று எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, "எந்திரிச்சுறாதடா" என்றும் சொல்வார்கள்.

அந்த அணியில் எங்களிடம் இருந்த ஒரே நிஜமான பந்துவீச்சாளர் சாரம் கட்டும் அண்ணன். பரமக்குடிப் பக்கத்துக்காரர். வாரம் முழுக்க ஆலைக்குள் உயரத்தில் குழாய்களை மாட்டிச் சாரம் கட்டுவார், வெள்ளிக்கிழமை கீழே இறங்கிப் பந்து வீசுவார். அவர் தோள் வேறு மாதிரி. பந்து கையை விட்டுக் கிளம்புவது கண்ணுக்கே தெரியாது.

அவருடைய அப்பா ஆட்டுச் சந்தையில் தரகர். அந்தக் குரலை நான் போனில் நிறையக் கேட்டிருக்கிறேன். அண்ணன் ஸ்பீக்கர் போடத் தேவையில்லை, அறையில் இருக்கும் ஆறு பேருக்கும் கேட்கும். வெள்ளிக்கிழமை மேட்ச் முடிந்து நாங்கள் குளித்துவிட்டு வரும் நேரத்துக்குச் சரியாக, அண்ணனின் தங்கச்சி போனில் இருந்து கூப்பிடுவார்.

"எத்தனை பேரை அனுப்புனே?"

"மூணு பேருப்பா."

"அந்தப் பிள்ளைகளுக்கு ஒம்மேல கோவமில்லையா?"

கிரிக்கெட்டில் அவருக்குத் தெரிந்தது, பையன் ஆட்களை அவுட்டாக்கி அனுப்புவான் என்பது மட்டும்தான். ஆனால் ஒரு வாரமும் கேட்காமல் விட்டதில்லை.

அந்த வருடம் அவர் குரல் தேய ஆரம்பித்தது. முதலில் ஜலதோஷம் என்றார்கள். பிறகு தொண்டையில் கட்டி என்றார்கள். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, குரல்வளையை முழுசாக எடுத்துவிட வேண்டும், உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் அதற்கப்புறம் பேச்சு வராது என்று சொல்லி ஆப்பரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அண்ணனுக்கு அதற்கு வெகு முன்னதாகவே லீவு போட்டிருந்தது. அரையிறுதிக்கு முந்தின நாள் ஃபிளைட்.

"ஒரு ரெண்டு வாரம் அந்தாளு பேசுறதைக் கேட்டுக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கணும்டா தம்பி," என்று என்னிடம் சொன்னார். "திட்டுனாலும் சரி. நிறையத் திட்டச் சொல்லணும்."

இதை அவர் என்னிடம் சொன்ன பிறகுதான் நான் அதைச் செய்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

மெஸ்ஸில் ஒரு மாலை, குபூஸ் ரொட்டியும் பருப்பும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எங்கள் கேப்டன், கிரேனில் பாரம் கட்டித் தூக்கும் ரிக்கிங் ஆட்களுக்கு ஃபோர்மேன், தஞ்சாவூர்க்காரர், வாயைத் திறந்தால் ஊசி மாதிரி குத்தும் வார்த்தைதான் வரும்.

"ஆப்பரேஷனுக்கு இன்னும் எத்தனை நாளு இருக்கு?"

"அஞ்சு வாரம்ணே."

"ஃபைனல் மூணு மேட்சும் முடிஞ்சு மறுநாள் ஏறுனாக்கூட பத்துப் பன்னெண்டு நாள் முன்னாடி போயிடுவியே. இப்பவே போயி அங்க என்ன, டாக்டருக்குக் கத்தி தீட்டிக் குடுக்கப் போறியா?"

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். ஆனால் சரியென்று தலையை ஆட்டவில்லை. "அப்பாட்ட வாரேன்னு சொல்லிட்டேன்ணே" என்றார்.

அப்போது நான் வாயைத் திறந்தேன். "அண்ணே, நீங்க இல்லாம அந்த நோட்டுல நான் என்னத்த எழுதுறது?"

நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. குரல் கொஞ்சம் உடைந்துகூட விட்டது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கேப்டனுக்கு முடியாது என்று சொல்ல அவரால் முடிந்தது. நான் கெஞ்சியதற்கு முடியவில்லை. "சரி எழுதுடா ஃபாரத்தை" என்றார்.

எங்கள் கம்பெனியில் சாரம் குழுவில் ஒரே சமயத்தில் இரண்டு பேருக்குத்தான் லீவு. ஒருவர் தள்ளிப்போட்டால் அந்த இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். பிறகு திரும்பக் கேட்க முடியாது. அண்ணனின் இடத்தை ஒரு நேபாளி பாய் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார். அண்ணனுக்கு ஏற்கெனவே வந்திருந்த, ஊர் போய்த் திரும்புவதற்கான எக்ஸிட் ரீ-என்ட்ரி விசாவை ரத்துசெய்து புதுத் தேதிக்கு மனு போட்டேன். காரணம் என்ற கட்டத்தில் சொந்தக் காரணம் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். மேனேஜர் கேள்வி கேட்கவில்லை.

அரையிறுதியில் அண்ணன் நான்கு பேரை அனுப்பினார். அன்று மத்தியானம் அவர் அப்பா போனில் கேட்டது எங்களுக்குக் கேட்கவில்லை. அண்ணன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "சத்தமாப் பேசாதப்பா, வலிக்கும்ல," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இறுதியின் முதல் மேட்சில் தோற்றோம். கிரேன் ஆபரேட்டர்கள் அதிகம் உள்ள கேம்ப் அது, எல்லாரும் பெரிய உருவம், அடித்த பந்தெல்லாம் மதிலைத் தாண்டியது. அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்குப் போன் பேசும்போது அம்மா, உடம்புக்கு என்ன என்று கேட்டாள். ஒரு மேட்ச் தோற்றுவிட்டோம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டாவது மேட்ச். தோற்றால் எல்லாம் முடிந்தது. ஜனவரிக் குளிர், காலை ஆறரைக்கே தொடங்கினோம். மூடுபனிக்குப் பின்னால் ஆலைப் புகைபோக்கியின் உச்சியில் எரியும் தீக்கொழுந்து மட்டும் மங்கலாகத் தெரிந்தது. வழக்கம்போல எல்லாரும் போன், பர்ஸ், இக்காமா அடையாளக் கார்டு எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு என் மடியில் வைத்தார்கள். அது ஸ்கோரர் பொறுப்பு. பத்து ஓவரில் நாங்கள் எண்பது ரன். அவர்கள் ஆட வந்தார்கள்.

ஒரு பந்துவீச்சாளருக்கு இரண்டு ஓவர்தான். அண்ணனின் ஓவர்களைக் கேப்டன் எட்டாவதுக்கும் பத்தாவதுக்கும் வைத்திருந்தார். எட்டாவது ஓவரில் அண்ணன் ஸ்டம்பில் இரண்டு முறை டங்கென்று அடித்தார். இரண்டாவது டங்குக்கு நான் கேனில் இருந்து எழாமலே கத்தினேன். அப்போதுதான் பைக்குள் ஒரு போன் அடித்தது.

எடுத்துப் பார்த்தேன். அண்ணனின் போன். தங்கச்சி என்று இருந்தது.

அப்பாதான் என்று தெரியும். வாரா வாரம் வரும் கால்தான் என்று நினைத்தேன். சத்தத்தை நிறுத்தி மடியில் வைத்துக்கொண்டேன். கால் நின்றது. மறுபடி வந்தது. இரண்டாவது தடவை வந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது, அதை இப்போது மறைக்கமாட்டேன்: மேட்ச் முடிகிற நேரம் அவருக்குத் தெரியும், இடையில் ஒருநாளும் கூப்பிட்டதில்லையே என்று தோன்றியது. தோன்றிய அந்த நொடியிலேயே அடுத்த ஓவருக்குப் பந்து வீசுகிறவர் ஓட ஆரம்பித்துவிட்டார். நான் பென்சிலை எடுத்துவிட்டேன்.

ஒன்பதாவது ஓவர் முழுக்க அண்ணன் எல்லைக்கோட்டில் நின்றார். என் மேசையில் இருந்து இருபது அடி இருக்கும். என் பக்கம் திரும்பி, "தம்பி, எவ்வளவு வேணும் அவனுகளுக்கு?" என்று கேட்டார்.

என் தொடைமேல் அவருடைய போன் அதிர்ந்துகொண்டிருந்தது. மூன்றாவது தடவை.

"பத்துப் பந்துல பதினஞ்சுண்ணே."

"ஆகட்டும்," என்று சொல்லி உள்ளங்கையில் ஊதிக்கொண்டார்.

அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த பேச்சு. எழுந்து இருபது அடி நடந்து கொடுத்திருக்கலாம். உட்கார்ந்த இடத்தில் இருந்தே கையை நீட்டியிருக்கலாம், அவரே வந்து வாங்கியிருப்பார். நானே எடுத்து, "அய்யா, மேட்ச் நடக்குது, என்ன விஷயம்?" என்று கேட்டிருக்கலாம். எடுத்தால் ஏதாவது கெட்ட சேதி இருக்கும், கேட்டுவிட்டு அண்ணன் போய்விடுவார், கடைசி ஓவரை யார் போடுவது? என் தலைக்குள் ஓடியது இதுதான். நான்காவது கால் அந்த ஓவரின் கடைசிப் பந்தில் வந்தது. ஐந்தாவது, அண்ணன் பந்தைக் கையில் வாங்கி ஓடுவதற்கு அடி எண்ணிக்கொண்டிருந்தபோது வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை.

ஆறு பந்தில் ஒன்பது ரன் வேண்டும். எதிர் கேம்ப் ஆட்கள், "சாரம், கையி நடுங்குதா? சேஃப்டி பெல்ட்ட மாட்டிக்க" என்று கிண்டல் செய்தார்கள். அண்ணன் ஐந்துதான் கொடுத்தார். மூன்று ரன்னில் ஜெயித்தோம்.

அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு கார்பெட்டைச் சுற்றி வந்தார்கள். நானும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடவே ஓடினேன். பிறகு யாரோ டீ கொண்டுவந்தார்கள். எதிர் அணிக் கேப்டன் வந்து கைகொடுத்துவிட்டு, "அடுத்த வாரம் இருக்கு பாய்" என்றார். இதெல்லாம் எவ்வளவு நேரம் நடந்ததோ, இருபது நிமிடம் இருக்கலாம். பையில் இருந்து அவரவர் போனை எடுத்துக்கொண்டபோதுதான் அண்ணன் அந்த ஐந்து மிஸ்டு கால்களைப் பார்த்தார்.

அவர் திரும்பக் கூப்பிட்டார். தங்கச்சி எடுத்தாள். அவர் அன்றைக்கு ஸ்பீக்கர் போட்டார், ஏன் என்று தெரியவில்லை.

"உள்ள கொண்டு போயிட்டாங்கண்ணே."

"எங்க?"

"ஆப்பரேஷனுக்கு. நேத்து சாயங்காலம் திடீர்னு கூப்பிட்டாங்க, ஒருத்தர் வரலயாம், இடம் இருக்கு, விட்டா இனி ரெண்டு மாசம் ஆகும்னாங்க. ஒனக்கு ராத்திரியே சொல்லலாம்னேன். அப்பாதான் வேணாம், காலையில நானே பேசிக்கிறேன்னாரு. கதவுக்கிட்ட ஸ்ட்ரெச்சர நிப்பாட்டி வச்சுக்கிட்டுப் போட்டோம்ணே. நர்ஸம்மா ரெண்டு தடவை வந்து கூப்பிட்டுச்சு. எடுப்பான், இன்னொரு தடவை போடுன்னாரு."

வெள்ளிக்கிழமை எங்களுக்கு லீவு. ஊரில் அது வேலைநாள், ஆப்பரேஷன் நடக்கிற நாள். இங்கே வந்து இரண்டு வருடமாகியும் அது எனக்கு ஒருநாளும் உறைத்ததில்லை.

அண்ணன் கார்பெட்டின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, கோபமில்லாமல்தான் கேட்டார்: "அடிச்சுச்சாடா?"

"கவனிக்கலண்ணே," என்றேன். "சைலண்ட்ல இருந்துச்சு."

சைலண்டில்தான் இருந்தது. அதை சைலண்டில் போட்டவன் நான்.

சாயங்காலம் ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சேதி வந்தது. எல்லாரும் கும்பிட்டார்கள். அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவர் தோளில் கைவைக்கப் போனேன், வைக்கவில்லை. மறுநாள் நான் ஆபீசில் லீவை முன்னே நகர்த்தச் சொல்லி மேனேஜரிடம் நின்றேன். ஆள் உயிருக்கு ஆபத்தா என்று கேட்டார். இல்லை என்றேன். நேபாளி இன்னும் திரும்பவில்லை, இவருக்குத்தான் ஏற்கெனவே ஒரு தேதி இருக்கிறதே, அதில் போகட்டும் என்றார். அந்தத் தேதியை நான்தான் டைப் அடித்திருந்தேன்.

மூன்றாவது மேட்சுக்கு அண்ணன் வந்தார். வரவேண்டாம் என்று கேப்டனே சொன்னார். "ரூம்ல உக்காந்து என்னண்ணே பண்றது," என்று ஷூவைக் கட்டினார். இரண்டு ஓவரில் முப்பத்தொரு ரன் கொடுத்தார். ஒரு பந்து கார்பெட்டிலேயே விழவில்லை. எதிர் அணி ஆட்களுக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும், அன்று யாரும் கிண்டல் செய்யவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. நான் கேனில்தான் உட்கார்ந்திருந்தேன், எழவே இல்லை, ஒழுங்காக எழுதினேன். தோற்றோம். அந்தத் தோல்விக்கு வருந்தக்கூட எனக்குள் இடமில்லை. மறுநாள் அவர் ஃபிளைட் ஏறினார்.

இரண்டு மாதம் கழித்து வந்தார். பனங்கற்கண்டும் அதிரசமும் கொண்டுவந்து அறையில் எல்லாருக்கும் கொடுத்தார். எனக்குத் தனியாக ஒரு சட்டை. நான் அந்தச் சட்டையைப் பையிலிருந்து வெளியே எடுக்கவில்லை.

ஒரு நாள் டியூட்டி முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவரே சொன்னார்.

"கேட்டுப் பாத்தேன்டா. அன்னைக்கி என்னப்பா சொல்ல வந்தேன்னு. கையக் கைய ஆட்டுறாரு. எழுதுன்னா அவருக்கு எழுதத் தெரியாது, நாட்டுல இருக்குற ஆடு பூராத்துக்கும் வெலை சொல்லுவாரு, அ எழுதத் தெரியாது. நெஞ்சத் தொடுறாரு, என்னையக் காட்டுறாரு, அப்பறம் இந்தக் கையால இப்புடி ஒண்ணு பண்றாரு." அவர் விரல்களைக் குவித்து வெளியே விரித்துக் காட்டினார். "என்னன்னே புரியல. தங்கச்சியும் பாத்தா. அம்மாவும் பாத்துச்சு. ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொல்றாங்க. இல்ல இல்லன்னு தலைய ஆட்டுறாரு. கடைசில எனக்குப் புரிஞ்சுபோச்சுன்னு சொல்லிட்டேன். பாவம், சிரிச்சாரு."

எங்கள் வீட்டிலும் அப்பாவுக்கு எழுதத் தெரியாது. அதனால் அது எப்படிப்பட்ட சிரிப்பாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை.

"அண்ணே, அஞ்சு தடவையும் நான் பாத்தேன். கையிலதான் இருந்துச்சு. நீங்க ஸ்கோர் கேட்டீங்கள்ல, அப்பவும் அடிச்சுது. சைலண்ட்ல போட்டது நான்தான்."

பஸ் வந்து நின்றது. டிரைவர், "யல்லா, யல்லா" என்று சீக்கிரம் ஏறச் சொல்லிக் கதவைத் தட்டினார். அண்ணன் ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"தெரியும்," என்றார். "போனை அப்படியே வச்சா ரிங் ஆவும். நான் சைலண்ட்ல போடுற ஆளில்ல."

பஸ்ஸில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். கேம்ப் வரும்வரை நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கேட்டில் இக்காமாவைக் காட்ட வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற அண்ணன் திரும்பாமலே சொன்னார்:

"நீ குடுத்திருந்தாலும், ஓவரை முடிச்சிட்டு எடுக்குறேன்னுதான்டா சொல்லிருப்பேன்."

அவர் அப்படிச் சொல்லியிருப்பாரா என்று நான் அதற்கப்புறம் பல நாள் யோசித்திருக்கிறேன். அரையிறுதியில் பேட்டோடு ஆட இறங்கும்போதுகூட, அப்பா போன் ஏதும் வந்ததா என்று என்னிடம் வந்து கேட்டுவிட்டுப் போன ஆள் அவர். சொல்லியிருக்க மாட்டார். இருந்தும் எனக்காக அப்படிச் சொன்னார். அவர் கார்டைக் காட்டிவிட்டு உள்ளே போனார். என் முறை வந்தது. காவல்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "க்யா ஹுவா பாய்?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.